மணலும் சக்கரமும்

கடலைக் காண விரும்பாத மனிதர் மிக அரியர். செல்வரும் வறியரும், கற்றோரும் கல்லாதோரும், முதியோரும் சிறுவரும் ஒருங்கே சென்று அமர்ந்து மகிழும் இடம் கடற்கரை. அங்கே நுழைவுச் சீட்டு இல்லை. காவலர் தடுக்கும் வாயிலும் இல்லை. நம் முன்னோர் கடலும் கடல் சார்ந்த நிலத்தையும் நெய்தல் என்று பெயரிட்டு ஐந்திணையுள் ஒன்றாக வைத்துப் போற்றினர். நாள் முழுதும் உழைத்துக் களைத்தவன் மாலையில் அலையோரம் நின்று ஒரு நாழிகை காற்று வாங்கினால், மறுநாளைக்கு வேண்டிய தெம்பு அவனுக்குக் கிடைத்துவிடுகிறது. எனவே கடற்கரையைப் பொதுச் சொத்து என்கிறோம்.

அது உண்மையில் எல்லார்க்கும் பொதுவாக இருக்கிறதா என்பதே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள். கால் வழங்காதவர், கண் தெரியாதவர், செவி கேளாதவர், மனவளர்ச்சியில் பின்தங்கியவர் ஆகியோரை இக்காலத்தில் மாற்றுத்திறனாளிகள் என்று மரியாதையாகக் குறிப்பிடுகிறோம். 2011ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி இந்தியாவில் இத்தகையோர் ஏறத்தாழ 2 கோடியே 68 லட்சம் பேர். தமிழ்நாட்டில் மட்டும் 11 லட்சத்துக்கும் மேற்பட்டோர். இவர்களுள் எத்தனை பேர் கடல்நீரில் கால் நனைத்திருப்பர்? பெயரை மாற்றிவிட்டோம், பாதையை அமைத்தோமா? அதுதான் கேள்வி.

முதலில் தடை யாது என்பதைத் தெளிவாக அறிந்துகொள்வோம். சக்கர நாற்காலி ஒன்றை மணலில் தள்ளிப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நான்கடி செல்வதற்குள் முன்சக்கரங்கள் புதைந்துவிடும். பின்னாலிருந்து வலிந்து தள்ளினால் அமர்ந்திருப்பவர் முன்னே கவிழ்ந்து விழ நேரிடும். காரணம் இதுதான். ஒரு பொருளின் பாரம் எவ்வளவு குறுகிய பரப்பில் தாங்குகிறதோ அவ்வளவுக்கு அழுத்தம் மிகுகிறது. நாற்காலியின் முன்சக்கரங்கள் சிறியவை. அவற்றின் அகலமோ இரண்டு மூன்று விரற்கடையே. நாற்காலியும் ஆளுமாகச் சேர்ந்த பாரத்தை அந்தச் சிறு பரப்பு தாங்கும்போது, உதிரியான மணல் விலகிக் கொடுக்கிறது, சக்கரம் அமிழ்கிறது, அதன் முன்னே மணல் குவிந்து ஒரு சிறு கரையாகவே நின்று தடுக்கிறது. இரும்புப் பட்டை அடித்த பழைய மாட்டுவண்டி ஆற்று மணலில் திணறுவதையும், அகன்ற ரப்பர் டயர் பூட்டிய வண்டி அதே மணலில் எளிதாகச் செல்வதையும் நாட்டுப்புறத்தார் கண்டிருப்பர். ஒட்டகத்தின் பாதம் அகன்றிருப்பதால் அது பாலைவனத்தில் நடக்கிறது. இயற்கை கற்பிக்கும் பாடம் இது: பாரத்தைப் பரப்பினால் மணல் தாங்கும்.

இந்தப் பாடத்தை நம் சென்னை மெரினாவில் வைத்துக் காண்பது பொருத்தமாகும். இன்று சாலையோரத்திலிருந்து அலை வரையில் பரந்து கிடக்கும் மணல் தொன்றுதொட்டு அங்கே இருந்ததன்று. ஐஸ் ஹவுஸ் என்று வழங்கிய, இப்போது விவேகானந்தர் இல்லம் எனப்படும் கட்டடம் 1842ஆம் ஆண்டில் எழுந்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைப் படகில் இறக்கி அங்கே சேமித்து வைத்தனர். அந்நாளில் கடல் அக்கட்டடத்துக்கு வெகு அருகில் இருந்தது. பின்னர் 1875ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுகத்தின் பணி தொடங்கியது. தெற்கிலிருந்து வடக்கு நோக்கிக் கரையோரமாக மணலைக் கொண்டுசெல்லும் நீரோட்டத்தைத் துறைமுகத்தின் கற்சுவர்கள் மறித்தன. மறிக்கப்பட்ட மணல் தெற்கே மெரினாவில் படிந்தது. வடக்கே இராயபுரம் முதலிய பகுதிகளைக் கடல் அரித்தது. இவ்வாறு வளர்ந்த மணற்பரப்புத்தான் இன்று பல இடங்களில் 300 மீட்டர் அகலத்துக்கு விரிந்து கிடக்கிறது. ஆகவே, நடக்க இயலாதவரைக் கடலிலிருந்து பிரிக்கும் அந்த மணற்பரப்பு இயற்கை விதித்த விதி மட்டுமன்று. மனிதர் செய்த ஒரு பணியின் பின்விளைவுங்கூட. மனிதர் விளைவித்த இடைவெளியை மனிதரே கடக்கச் செய்தல் முறைதானே?

பல ஆண்டுகளாக, டிசம்பர் 3ஆம் நாளாகிய உலக மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டிச் சில நாள்களுக்கு மட்டும் மெரினாவில் தற்காலிகப் பாதை இடும் வழக்கம் இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை வரும் திருவிழாப் போல அது வந்து போயிற்று. மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் நிலையான பாதை வேண்டும் என்று இடைவிடாமல் கேட்டு வந்தன. அதன் பயனாக 2022 நவம்பர் 27ஆம் நாளன்று நிலையான மரப்பாதை ஒன்று திறக்கப்பட்டது. அதன் நீளம் 263 மீட்டர். அகலம் 3 மீட்டர். செலவு ஏறத்தாழ 1 கோடியே 14 லட்சம் ரூபாய். அதுவரையில் சாலையோரச் சுவரருகே நின்று கடலைத் தொலைவில் ஒரு நீலக் கோடாகக் கண்டுவந்தவர்கள், அன்று அலையின் ஓசை கேட்கும் அண்மைக்குத் தம் நாற்காலியைத் தாமே உருட்டிச் சென்றனர்.

ஆனால் மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. டிசம்பர் 9ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. சீறி வந்த அலைகள் அப்பாதையின் ஒரு பகுதியைச் சிதைத்தன. திறந்து இரண்டு வாரமும் ஆகவில்லை. பொதுப்பணம் கடலில் கரைந்தது என்று அப்போது சிலர் எள்ளினர். பாதை பின்னர்ச் சீர்செய்யப்பட்டு மீண்டும் பயனுக்கு வந்தது. புயலில் பாலம் உடைந்தால் இனிப் பாலமே வேண்டா என்று எவரும் சொல்வதில்லை. பள்ளியின் கூரை பறந்தால் பள்ளியை மூடுவதில்லை. அதே நியாயம் இந்தப் பாதைக்கும் உண்டு. எனினும் கடற்கரையில் கட்டுவது வேறு, காப்பது வேறு என்னும் பாடத்தை அப்புயல் நமக்குக் கற்பித்தது. காற்று நாள்தோறும் மணலைக் கொணர்ந்து பலகைமேல் கொட்டும். அதை நாள்தோறும் பெருக்க ஆள் வேண்டும். உப்புக்காற்று சாதாரண இரும்பைத் தின்றுவிடும். ஆகவே துருப்பிடிக்காத எஃகு ஆணிகள் வேண்டும். ஒரு பலகை பெயர்ந்தால் நடப்பவன் தாண்டிப் போவான்; சக்கர நாற்காலியில் வருபவருக்கோ 263 மீட்டர் பாதையும் அந்த ஓரிடத்திலேயே முடிந்துபோம்.

இத்தகைய பாதை எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்கு அளவுகள் உண்டு. முதலாவது சரிவு. ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு. 60 சென்டிமீட்டர் உயரமுள்ள படிகளுக்கு மாற்றாகச் சரிவு கட்ட வேண்டுமாயின் 7 மீட்டர் 20 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். இடமில்லை என்று சொல்லி அதை 3 மீட்டரில் முடித்துவிட்டால் அது பாதையாகாது; சறுக்குமரம் ஆகும். நம் ஊர்களில் பல அலுவலகங்களின் வாயிலில் இத்தகைய சறுக்குமரங்களை நான் கண்டிருக்கிறேன். சரிவு நீண்டுசெல்லுமானால் இடையிடையே சமதளம் அமைத்தல் வேண்டும். கையால் உருட்டுபவர் இளைப்பாற அது உதவும். இரண்டாவது அகலம். எதிரெதிரே வரும் இரு நாற்காலிகள் ஒதுங்காமல் செல்லவும், முடிவில் திரும்பவும் இடம் வேண்டும். மூன்றாவது பலகைகளின் அமைப்பு. செல்லும் திசைக்குக் குறுக்காகப் பலகைகளை அடுக்க வேண்டும். நெடுக்காக அடுக்கினால் சக்கரமும் ஊன்றுகோலின் நுனியும் இடுக்கில் சிக்கிக்கொள்ளும். நான்காவது ஓரத் தடுப்பும் கைப்பிடியும். இவை யாவும் சிறிய செய்திகளாகத் தோன்றலாம். ஆனால் இவற்றுள் ஒன்று தவறினாலும் மற்றவை பயனற்றுப்போம்.

பாதை எவ்வளவு நீண்டாலும் அலை வந்து மீளும் ஈரமணலின் மேல் அதை நிலைநிறுத்துவது அரிது. எஞ்சிய அந்தச் சில அடிகளைக் கடப்பதற்குப் பலூன் போன்ற பருத்த சக்கரங்கள் பூட்டிய நாற்காலிகள் இருக்கின்றன. முன்னே சொன்ன ஒட்டகப் பாதத்தின் தத்துவமே இவற்றில் செயற்படுகிறது. பிரான்சு நாட்டில் உருவான சில நாற்காலிகள் மணலில் உருள்வதோடு நீரிலும் மிதக்கும். கிரேக்க நாட்டில் பல கடற்கரைகளில் வேறொரு ஏற்பாடு உள்ளது. கரையிலிருந்து நீருக்குள் ஒரு தண்டவாளம் இறங்குகிறது. அதன்மேல் ஓர் இருக்கை. கதிரவன் ஒளியால் பெறும் மின்விசையைக்கொண்டு அது இயங்குகிறது. அமர்ந்தவர் ஒரு பொத்தானை அழுத்தி, பிறர் துணையின்றித் தாமே கடலுள் இறங்கவும் மீளவும் முடிகிறது. நம் மெரினாவில் நீரோட்டம் வலிது, அலை மூர்க்கமானது, அங்கே கிரேக்கத்தின் அமைதியான கடலில் செய்வதை அப்படியே செய்துவிட முடியாது. ஆயினும் அலை நீங்கிய, ஆழமற்ற இடங்கள் நம் கரையிலும் உண்டு. அங்கே முயன்று பார்ப்பதற்குத் தடையொன்றும் இல்லை.

மாற்றுத்திறன் என்றவுடன் சக்கர நாற்காலி ஒன்றையே நினைப்பது பொதுவான வழக்கம். கண் தெரியாதவர் கடலைச் செவியாலும் மூக்காலும் தோலாலும் காண்கிறார். அவருக்கு வேண்டியது வழிகாட்டும் தரை. ஜப்பானியரான செய்ச்சி மியாகே என்பவர் 1965ஆம் ஆண்டில் மேடான குறிகள் பொறித்த தரைக்கற்களை உருவாக்கினார். 1967 மார்ச்சு 18ஆம் நாள் ஒகயாமா நகரத் தெருவில் அவை முதன்முதலாகப் பதிக்கப்பெற்றன. நீண்ட கோடுகள் இருந்தால் செல்லலாம் என்பது பொருள். புள்ளிகள் இருந்தால் நிற்க என்பது பொருள். இன்று நம் ரயில் நிலைய நடைமேடைகளில் மஞ்சள் நிறத்தில் காணப்படுபவை இவையே. கடற்கரைப் பாதையின் தொடக்கத்திலும் முடிவிலும் இவை இருந்தால், பார்வையற்றவர் தம் கோலைக்கொண்டு தாமே வழி கண்டுகொள்வார்.

செவி கேளாதவருக்கோ பாதையில் தடை இல்லை; ஆபத்தை அறிவதில்தான் தடை. கரையில் எச்சரிக்கை ஊதலாகவும் ஒலிபெருக்கியாகவும் வருகிறது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலையில் ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியதை நாம் மறக்கவில்லை. ஓடுங்கள் என்ற கூக்குரல் கேளாத ஒருவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஜப்பானில் 2020ஆம் ஆண்டில் இதற்கென ஒரு கொடியைத் தேர்ந்தெடுத்தனர். சிவப்பும் வெள்ளையும் கட்டங்களாக அமைந்த கொடி அது. ஆழிப்பேரலை எச்சரிக்கை பிறந்தால் கடலோரக் காவலர் அதை வீசிக் காட்டுவர். நீந்திக்கொண்டிருப்பவர்க்கு அலையோசையில் ஒலி கேளாது, கொடி தெரியும். செவி கேளாதவர்க்கென நினைத்த ஏற்பாடு செவியுள்ளவர் உயிரையும் காக்கிறது. ஒரு முழம் துணியில் எவ்வளவு பெரிய அறம் அடங்கியிருக்கிறது!

எளிதில் செல்லும் வழி எதற்கு, நான்கு பேர் சேர்ந்து தூக்கிச் சென்றால் போதாதா என்று கேட்பவர் உண்டு. இதற்கு என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன் விடை தந்திருக்கிறான். இளம்பிள்ளை வாதத்தால் இரு கால்களும் வலுவிழந்தவன். பள்ளிச் சுற்றுலாவில் உடன்பயிலும் பிள்ளைகள் அவனைத் தோளில் தூக்கிக் கடலோரம் கொண்டுசென்றனர். அவர்கள் அன்பை நான் இன்றும் மெச்சுகிறேன். பல ஆண்டுகளுக்குப் பிறகு, அவன் ஓர் அலுவலகத்தில் கணக்கராகப் பணியாற்றும் நாளில், அந்த நிகழ்ச்சியைப் பற்றிப் பேச்சு வந்தது. “ஐயா, அவர்கள் தூக்கினார்கள், நான் போனேன். அவர்கள் போதும் என்றார்கள், நான் திரும்பினேன். இன்னும் கொஞ்சநேரம் இருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் தூக்கிவந்தவர்களிடம் அதைக் கேட்க நா எழவில்லை” என்றான். தூக்கிச் செல்வது அன்பு. பாதை அமைப்பது நீதி. அன்புக்கு நன்றி சொல்ல வேண்டும். நீதிக்கு அது வேண்டியதில்லை. தான் விரும்பியபோது வரவும், விரும்பும்வரை இருக்கவும், விரும்பியபோது மீளவும் இயலுவதே உரிமை என்பதை அவன் எனக்கு விளக்கிவிட்டான்.

கடற்கரைக்குச் சொன்னது காட்டுக்கும் மலைக்கும் ஏரிக்கரைக்கும் பொருந்தும். ஒவ்வொரு மலையுச்சிக்கும் சாலை போட வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. எந்த வழி எத்தகையது என்று உண்மையைச் சொல்லுங்கள் என்பதே முதற்கோரிக்கை. இங்கிலாந்தின் ஏரி மாவட்டத் தேசியப் பூங்காவில் இதை அழகாகச் செய்திருக்கின்றனர். அந்நாட்டில் வயல்வேலிகளைத் தாண்டுவதற்கு ஏறி இறங்கும் மரப்படிகள் இருக்கும். அத்தகைய படிகள் இல்லாத நடைவழிகளைத் தேர்ந்து, அவற்றை மூன்று தரமாகப் பிரித்துள்ளனர்: யாவர்க்கும் உரியவை, பலர்க்கு உரியவை, சிலர்க்கு உரியவை. சரிவு எவ்வளவு, தரை எத்தகையது என்றெல்லாம் முன்னரே அறிவித்துவிடுவதால், ஒருவர் வீட்டிலிருந்தபடியே தம் வலிமைக்கேற்ற வழியைத் தேர்ந்துகொள்ளலாம். அறிவிப்புக்குப் பெருஞ்செலவு ஏது? அளவுகோலும் நேர்மையும் இருந்தால் போதும். நம் வேடந்தாங்கலிலோ பிச்சாவரத்திலோ இத்தகைய அறிவிப்பு வைப்பதனால் யாருக்கு என்ன இழப்பு?

இயற்கை கெட்டுவிடும் என்று அஞ்சுவோரின் கவலையைத் தள்ளிவிடக் கூடாது. அதில் நியாயம் இருக்கிறது. ஜனவரி முதல் சில திங்கள் வரையில் பங்குனி ஆமைகள் சென்னைக் கரையேறி மணலில் முட்டையிடுகின்றன. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் கடலின் மெல்லிய ஒளியை நோக்கி ஊர்ந்து செல்பவை. கரையில் வலிய விளக்கு எரிந்தால் திசை மயங்கி அங்கே போய் மடிகின்றன. ஆகவே பாதைக்கு இடம் தேர்வதிலும் விளக்கு அமைப்பதிலும் பெருங்கவனம் வேண்டும். ஆனால் மற்றொன்றையும் எண்ணுதல் வேண்டும். மணல்மேடுகளை அடம்புக் கொடி தன் வேரால் பிணைத்துக் காக்கிறது. மக்கள் மனம்போனபடி அதன்மேல் நடந்தால் கொடி மடிந்து மணல் பறக்கும். தரைமேல் உயர்த்தி அமைத்த மரப்பாதை இருந்தால் மக்கள் அதன் வழியே செல்வர், கொடியும் பிழைக்கும். நன்கு அமைந்த பாதை இயற்கைக்கும் அரணாகும்.

வருவோர் சிலரே, அவர்க்கு இவ்வளவு செலவா என்பது அடுத்த தடை. பள்ளி இல்லாத சிற்றூரில் படிக்க வருவோர் எவரும் இல்லை என்று சொல்லிப் பள்ளி திறக்க மறுத்த காலமும் இருந்தது. திறந்த பிறகு திண்ணை நிறைந்தது, வகுப்பு நிறைந்தது. வழி இல்லாத இடத்தில் வருவோரை எண்ணுவது எந்தக் கணக்கிலும் சேராது. மேலும் அந்தச் சிலர் யார்? அறுபதைக் கடந்த எனக்கே முழங்கால் மணலை வெறுக்கிறது. கர்ப்பிணிப் பெண், கைக்குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளும் தாய், அறுவை சிகிச்சை செய்துகொண்டு தேறிவரும் இளைஞன் ஆகிய அனைவரும் அந்தப் பலகைமேல்தான் நடக்கப் போகிறார்கள். முதுமை வராமற் போகாது. இன்று பிறருக்காக இடும் பாதை நாளை நமக்கே ஆகும்.

சட்டத்தின் துணையும் இதற்கு உண்டு. 2006ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்த உடன்படிக்கையை ஏற்றது. ஓய்வும் விளையாட்டும் சுற்றுலாவும் அவர்களுக்கு உரியவை என்று அதன் 30ஆம் பிரிவு கூறுகிறது. இந்தியா 2007ஆம் ஆண்டில் அதை ஏற்றுக்கொண்டது. அதன் வழியில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பிறந்தது. எளிதில் அணுகும் வசதி என்பது விரும்பினால் செய்யலாம் என்னும் பரிந்துரையாக நின்றுவிடக் கூடாது. கட்டாய விதிகளாக வகுக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. எனவே பாதை கேட்பவர் இரவலர் அல்லர். தமக்குரியதைக் கேட்பவரே ஆவர்.

முடிவாக ஒன்று கூறுவேன். வீட்டுவாயிலிலிருந்து கடலலை வரையில் உள்ள வழி ஒரு சங்கிலி. தாழ்தளப் பேருந்து ஒரு கண்ணி. நடைபாதை ஒரு கண்ணி. சாலையைக் கடக்கும் இடம், கழிப்பிடம், சரிவு, மரப்பாதை என ஒவ்வொன்றும் ஒவ்வொரு கண்ணி. ஒன்று அறுந்தாலும் சங்கிலி பயன்படாது. சென்னையில் 2024ஆம் ஆண்டு முதல் புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கியமை நல்ல அறிகுறி. எல்லாவற்றையும் அரசே செய்துவிட முடியாது. மரப்பாதையின் மேல் கூட்டமாக அமர்ந்து சுண்டல் உண்பவரை எந்தப் பொறியாளரும் திருத்த முடியாது. எதிரே சக்கர நாற்காலி வரும்போது எழுந்து வழிவிடுவது நம் கடமை. சரிவின் வாயிலில் வண்டியை நிறுத்தாமலிருப்பதும் நம் கடமை. பலகை பெயர்ந்திருப்பதைக் கண்டால் மாநகராட்சிக்கு அறிவிப்பதும் நம் கடமையே. ஆசிரியப் பெருமக்கள் தம் மாணவரை அடுத்த முறை கடற்கரைக்கு அழைத்துச் செல்லும்போது, நடக்க இயலாத பிள்ளை வீட்டில் தங்கிவிட வேண்டியதில்லை. அந்தப் பிள்ளை செல்லக்கூடிய வழி எது என்று முதலில் விசாரித்து, அந்த வழியாகவே வகுப்பு முழுவதையும் அழைத்துச் செல்லுங்கள்.